தள்ளி வச்சா நிறைய

அந்த மழலையர் பள்ளியில் அவளுக்குப் பொத்தான் டீச்சர் என்று பெயர். பை நிறையச் சட்டைப் பொத்தான்களோடு திரிந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அத்தனையும் வீட்டுக்காரரின் சட்டைகளிலிருந்து பிடுங்கியவை. மனுஷர் ஊக்கு குத்திக்கொண்டு ஆபீஸ் போய்வந்தார், வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மிச்சமிருக்கும் காலுறைகளும் போய்விடும் என்ற பயம். ஒன்று ஏற்கெனவே கையில் மாட்டும் குரங்கு பொம்மையாகிவிட்டது.

விளையாட்டு இதுதான். வரிசையாக ஆறு கறுப்புப் பொத்தான், எதிரே ஆறு வெள்ளைப் பொத்தான்.

"ரெண்டும் சமமா?"

"சமம்!"

உடனே குரங்கு வந்து வெள்ளைகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு ஓடிவிடும். "இப்ப?"

நாலு மாதத்தில் பதினைந்து பிள்ளைகள், "சமம்தான், குரங்கு ஒண்ணும் புதுசா கொண்டு வரலையே!" என்று சொல்லப் பழகியிருந்தார்கள். பதினாறாவது ஆள் குட்டி வக்கீல். வயசு நாலு, வாய் நாற்பது. "வெள்ளைதான் நிறைய. எவ்ளோ நீளம் பாருங்க டீச்சர்!" எண்ணிக் காட்டினாலும் மசிய மாட்டாள். "எண்ணினா சமம். பாத்தா நிறைய." டீச்சர் தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று காலை மேலதிகாரியம்மா வந்தார். பதினாறு பிள்ளைகளுக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பை மூடிவிட உத்தரவு. டீச்சரிடம் இருந்ததே சரியாகப் பதினாறு. மூக்கு ஒழுகியவனைக்கூட அவன் அம்மாவிடம் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். ஆனால் மழையில் கூரையும் ஒழுகியதால், அத்தனை பேரும் மூலையில் ஒரே பாயில் ஒண்டியிருந்தார்கள்.

"என்னம்மா, பத்துகூடத் தேறாது போலிருக்கே?"

"பதினாறு மேடம். எண்ணிப் பாருங்க." வருகைப் பதிவேட்டை நீட்டினாள்.

"எழுதறதை யாரு வேணா எழுதலாம். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. எண்ணவே மாட்டேன், கண்ணாலயே அளந்துடுவேன்."

பத்து என்று எழுத மேலதிகாரியம்மாவின் பேனா மூடி கழன்றது.

குட்டி வக்கீல் எழுந்தாள். "டேய், எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காருங்கடா! நிறைய ஆயிடலாம்!"

பிள்ளைகள் சிதறினார்கள். ஒருவன் வாசற்படியில், ஒருத்தி மேஜைக்கடியில், இரண்டு பேர் நேராக ஒழுகலுக்கடியில் தலை நனைய உட்கார்ந்தார்கள். அறையே நிரம்பிவிட்டது. மேலதிகாரியம்மா ஒரு சுற்று பார்த்தார், முகம் மலர்ந்தது.

"இப்ப சரி. இது பதினாறு!"

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண்ணே நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கும்வரைதான் அந்தச் சந்தோஷம்.

குட்டி வக்கீல் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பாத்தீங்களா டீச்சர்? தள்ளி வச்சா நிறைய. மேடமே சொல்லிட்டாங்க."

மற்ற பதினைந்து பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நாலு மாத உழைப்பு அம்போ. டீச்சர் பையிலிருந்து குரங்கை மறுபடி எடுத்துக் கையில் மாட்டினாள். பரவாயில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்க வகுப்பாவது இருக்கிறதே.