சரளைமேட்டில் நான் தோண்டிய குழி

செம்மறியாட்டின் குளம்பு அழுகினால் எப்படி நாறும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எனக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி வேலை பார்த்தேன். ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. அந்த நாற்றத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்ததில் அந்தப் பேனாக்களுக்கும் பங்குண்டு. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. முழுக்கச் செம்மண் சரளை. மிளகளவிலிருந்து கோலிக்குண்டு அளவு வரை துருப்பிடித்த உருண்டைக் கற்கள். ரப்பர் நட்டுப் பார்த்துத் தேறாமல் வெள்ளைக்காரன் காலத்திலேயே கைவிட்ட இடம். லயத்து மாடுகளுக்கு வேறு மேய்ச்சல் கிடையாது. என் அக்காவுக்கு இரண்டு பசுக்கள். காலையில் ரப்பர் மரம் சீவிவிட்டு வந்து, மதியம் அவற்றை மேட்டுக்கு ஓட்டுவாள். வெயில் உறைத்தால் அடிவாரத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரத்து நிழலில் கட்டிவிடுவாள். அப்பா செத்த பிறகு அந்த இரண்டு பசுக்களின் பாலில்தான் எங்கள் வீடு ஓடியது. நான் ஐந்தாம் படிவம் வரை படித்ததும் அதில்தான். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

துரை எங்கோ ஒரு குளிர்தேசத்துக்குப் போய்வந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான். ஆனால் தோட்டத்து மேனேஜர் எந்த இனமானாலும் எங்களுக்குத் துரைதான். திரும்பி வரும்போது ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தார். மலை மேய்ச்சல் நிலங்களின் மண்ணைப் பற்றியது. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் வாயைப் பிளந்துகொண்டு படித்தேன்.

அந்த மலைகளில் பாறைக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து, பாறையைப் பிளந்து பிளந்து சரளையாக்குமாம். அதனால் அங்கே கற்களுக்கெல்லாம் கூர்முனை. மழை குறைவு. பனி உருகும் ஈரத்தில் புல் முளைக்கும். செத்த புல் குளிரில் சீக்கிரம் மக்காது. வருடக்கணக்காகத் தங்கித் தங்கி, சரளைக்கு மேல் ஒரு சாண் கனத்துக்குக் கறுப்பு மண்ணாகிவிடும். புல்வேர் கல்லிடுக்கில் புகுந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் படத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கலாம்: மேலே கறுப்பு, கீழே கல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக ஆடுகள்.

துரை ஜன்னல் வழியாக எங்கள் சரளைமேட்டைக் காட்டி, அவருக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் சொன்னார்: "பாரு, அங்கயும் கல்லு, இங்கயும் கல்லு. சேம் லா. ஆடு வுடலாம்."

உச்சியில் ஒன்று, சரிவில் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என மூன்று குழிகள் இடுப்பளவு தோண்டி, மண் எப்படி இருக்கிறது என்று குழிக்கு ஒரு அச்சடித்த பாரமாக நிரப்பிக் கொண்டுவரச் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். ஆட்கள் எல்லாம் புல் வெட்டில் இருந்ததால் நானே கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துப் போனேன். உச்சியில் கடப்பாரை முதல் குத்திலேயே எகிறி வந்து என் முழங்கையை உதறியது. மூன்று அங்குலம் இறங்குவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. கறுப்பு மண்ணாவது, மண்ணாங்கட்டியாவது. தோண்டிய வரைக்கும் ஒரே சிவப்புச் சரளை. கொளுத்துகிற வெயில். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது.

இறங்கி வந்தேன். தூங்குமூஞ்சி மரத்தடி நிழலாக இருந்தது. மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அங்கே ஒரு சாண் கனத்துக்குக் கறுகறுவென்ற மண், அதற்குக் கீழே சரளை. துரையின் புத்தகத்துப் படம் அப்படியே. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? லயத்தில் பிறந்தவன் நான். தெரியும். ஆனாலும் அந்த ஒரு குழியைத் தோண்டிவிட்டு மூன்று பாரங்களையும் அதை வைத்தே நிரப்பினேன். பாரத்தின் கீழே ஒரு கட்டம் இருந்தது: இந்த இடம் இதுவரை எதற்குப் பயன்பட்டது? அதில் 'புல்' என்று மட்டும் எழுதினேன்.

துரை பாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் கை போட்டார். "குட். நல்ல வேலை" என்றார். அந்தக் கைக்காக நான் பூரித்துப் போனதை நினைத்தால் இன்றும் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. மேட்டுக்கு முள்கம்பி வேலி. லயத்து மாடுகளை மாதக் கடைசிக்குள் அப்புறப்படுத்த வேண்டும். அன்று சாயங்காலம் அக்கா கொட்டகையில் பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"தம்பி, நீ தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்டா. அந்த மேட்டுல ஆடு நிக்காதுன்னு. நீ சொன்னா கேப்பாரு."

"மேலேருந்து வந்த ஆர்டர்க்கா. நான் என்ன செய்ய முடியும்?"

"நீதானே அளந்து எழுதுன?"

"நான் மண்ணதான்கா எழுதுனேன். மாட்டப் பத்தி ஒண்ணும் எழுதல."

அதில் பொய் இல்லை. அதுதான் அதன் கேவலம். மறுநாள் காலையில் ஆபீசுக்குப் போய், 'சார், மூன்று குழியும் ஒரே குழி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், ஆள் கணக்குப் பதிகிற செக்ரோல் எழுதினேன்.

பக்கத்து ஊரான புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து ஒருவர் லோரி கொண்டுவந்து இரண்டு பசுக்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அக்கா லோரி முடுக்கில் திரும்பி மறைகிற வரை நின்றுவிட்டு, கொட்டகையைக் கூட்டப் போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டின் பால் தேத்தண்ணீர். தித்திப்பாக, நாக்கில் பிசுபிசுவென்று ஒட்டும். எனக்குக் குமட்டும். அவள் தினமும் ஊற்றி மூடி வைப்பாள்.

ஆடுகள் வந்தன. முதல் மாதம் பார்க்க அழகாகத்தான் இருந்தன. தோட்டத்துக்கு வருகிறவர்களையெல்லாம் துரை மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பிறகு மழை பிடித்தது. எங்கள் மழை அந்த மலைகளில் தூறுகிற மழையா? ஆடுகள் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றிருந்ததால் மேடு மொட்டையாகக் கிடந்தது. கொட்டுகிற தண்ணீர் சரளையை வாரிக்கொண்டு வந்து லயத்துக் கால்வாயை அடைத்தது. பட்டியில் ஆடுகள் முழங்கால் சேற்றில் நின்றன. நனைந்த கம்பளி, கழிச்சல், சீழ் பிடித்த குளம்புகள், ஈ. காற்று திரும்பினால் லயத்தில் யாரும் சோறு சாப்பிட முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி விழுங்குவோம். செத்த ஆடுகளைப் புதைக்கக் குழி வெட்டினால் சரளை விடவில்லை. அரைகுறையாக மூடியதை நாய்கள் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டன.

அடுத்த வருடம் மிச்ச ஆடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். துரையும் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பழைய பாரங்களைப் பார்த்துவிட்டு, அதே மூன்று இடத்தில் திரும்பத் தோண்டச் சொன்னார். இந்த முறை கை கிழியத் தோண்டினேன். உச்சி சிவப்பு. சரிவு சிவப்பு. கடைசியாகத் தூங்குமூஞ்சி மரத்தடி. ஒரு சாண் இருந்த கறுப்பு இப்போது ஒரு விரற்கடைகூட இல்லை. குளிர்தேசத்தில் நூறு வருடம் தங்குகிற கறுப்பு, எங்கள் வெயிலிலும் மழையிலும், போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருந்தால்தான் தங்கும்.

அக்கா வேலை முடிந்து வாளியோடு அந்த வழியாக வந்தாள். குழிக்கு மேலே நின்று எட்டிப் பார்த்தாள்.

"மொத தடவ எங்கடா தோண்டுன?"

குழிக்குள் நின்றபடி காலடியைக் காட்டினேன்.

"மூணும்?"

"மூணும் இதுதான்கா."

அவள் அந்த மரத்தைப் பார்த்தாள். வேரடியில் மாடு கட்டிய முளைக்குச்சி இன்னும் இருந்தது.

"பதினோரு வருசம் இங்கதான்டா கட்டுனேன்" என்றாள். "என் மாட்டுச் சாணியக் காட்டியா என் மாட்ட வெரட்டுன?"

நான் மண்வெட்டியைக் குழியோரம் சாய்த்தேன். வாளியின் கைப்பிடி கிறீச்சிடுகிற சத்தம் லயத்துப் பக்கமாகத் தேய்ந்து போனது. பாரத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் 'மாடு கட்டிய இடம்' என்று எழுதினேன். வீட்டுக்குப் போனபோது டின் பால் தேத்தண்ணீர் வழக்கம்போல ஊற்றி மூடி வைத்திருந்தது. குடித்தேன்.