இருக்கைகள் நிரம்பிய ஒரே ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியின் வுப்பர்டாலில் புதிதாகத் தொடங்கிய உள்ளரங்குக் கால்பந்து லீக்கில், எங்கள் நகர அணியின் சீட்டு விற்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்தம் அந்தப் பருவம் முடியும் வரைக்கும்தான். அரங்கு நிரம்பினால் நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொன்னார். நிரந்தர வேலைக் கடிதம் இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் கணவரை இங்கே அழைக்க முடியும். மகளுக்கு இரண்டரை வயது. அப்பாவை அவள் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

முதல் ஆட்டங்களில் விளக்கும் இசையும் இருந்தன. ஆட்கள் இல்லை. மேலாளர் ஒரு கட்டு இலவசச் சீட்டைத் தந்தார். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று நீட்டியிருக்கலாம். நானோ மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கலியாணக் கார்ட் கொடுப்பதுபோல வீடு வீடாகப் போனேன். உட்கார்ந்து தேநீர் குடித்து, "கட்டாயம் குடும்பமா வாங்கோ" என்று இரண்டு கையாலும் கொடுத்தேன்.

வந்தார்கள். பட்டுச் சேலையில்கூட இரண்டு பேர். மேலாளர் என்னைப் பாராட்டினார். கணவரிடம், "அலுவல் சரிவரும் போல" என்றேன்.

அடுத்த ஆட்டங்களுக்கு ஒருவரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழைத்ததில், கடைசி ஆட்டத்துக்கு ஒரு அண்ணை மட்டும் மனைவி பிள்ளைகளோடு வந்தார்.

"பிள்ளை, எங்கட சீட்டு?"

"இந்தமுறை வாங்கோணும் அண்ணை."

"வாங்கிறதோ? நீதானே வீட்டை வந்து கூப்பிட்டனி. கூப்பிட்டுப்போட்டு வாசல்ல மறிக்கிறாய்!"

அவருடைய மனைவி சிரித்தார். "விடுங்கோப்பா. இங்க ஆர் வெண்டாத்தான் எங்களுக்கென்ன? கோடையில நடக்கிற ஊர்ப்போட்டியில தோத்தா இவர் மூண்டு நாள் சோறு தின்னமாட்டார், பிள்ளை. அண்டைக்கு இங்க கோல் விழேக்கை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு இருந்தவர்."

என் வங்கி அட்டையிலேயே நான்கு சீட்டு எடுத்துக் கொடுத்தேன். அன்று எங்கள் அணி தோற்றது.

எங்கள் ஆட்கள் தங்கள் தங்கள் சொந்த ஊரின் பேரில் இங்கே ஆடும் அந்த ஊர்ப்போட்டி மழையில், சேற்றில், நாற்காலிகூட இல்லாமல் வருடா வருடம் நடக்கிறது. கீழ்வீட்டு ஜெர்மன் முதியவரின் பழைய அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டது. அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கான சீட்டை முதல் நாளே வாங்கினார். எங்கள் அணி தோற்றால் யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. நான் சேர்த்தது விருந்தாளிகளை. பள்ளிக்கூட வாசலிலேயே கொடுத்திருந்தால் அவர்கள் பார்வையாளர்களாக ஆகியிருப்பார்களா? மற்ற நகரங்களிலும் இருக்கைகள் காலிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் மனம் கேட்பதில்லை.

ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது: லீக் கலைக்கப்படுகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் மாதக்கணக்காகக் காத்திருந்து, சந்திக்க நாள் குறித்துக் கிடைத்த டெர்மின் மறுநாள்.

அதிகாரி ஒப்பந்தத்தைப் புரட்டினார். "இதில் முடிவுத் தேதி இருக்கிறதே. அடுத்த பருவம் உண்டா?"

ஆம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? "இல்லை" என்றேன். அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

படியிறங்கும்போதே கணவர் அழைத்தார்.

"என்னவாம்?"

மகள் காலையில் சாப்பிட்டதைச் சொல்லத் தொடங்கினேன்.

"சரி, அதை விடு. கடைசி மட்ச் என்ன மாதிரி? வெண்டதோ?"

"ஓம்," என்றேன். "வெண்டிட்டம்."