காந்தம் ஒட்டாத கார்

வந்து இறங்கும் சரக்கில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்பாக்கத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் ஸ்டோர்ஸில் வேலை. வால்வோ, போல்ட்டோ, நாற்காலியோ, ஃபினாயிலோ, எதுவானாலும் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து நான் சிவப்புச் சீட்டு ஒட்டினால் அது வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விடும். சப்ளையர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவன் சொந்தமாக ஒரு காரை டெலிவரி எடுக்கப் போன அன்று அடித்த கூத்தை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி காப்பியோடு சேர்த்துப் பரிமாறுகிறாள். அவள் கைப்பக்குவத்தில் மசாலா கொஞ்சம் தூக்கல். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் என்று நினைவு. கார் எனக்காக இல்லை, அவளுக்காக. திருக்கழுக்குன்றத்தில் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே செங்கல்பட்டில் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தவள். பிறகு ஒரு மழைநாளில் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடது முழங்கால் கெட்டுப்போனது. நடப்பாள், நிற்பாள், கிளட்சை மிதித்துப் பிடி என்றால் மட்டும் கால் நடுங்கும். ஆகவே தன்னைக் கீழே தள்ளிய அதே பஸ்ஸில், அதே உயரமான படியில், கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறித்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தாள். வானம் இருட்டினால் அவள் முகமும் இருட்டிவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கிளட்ச் இல்லாத, கியர் இல்லாத, பெட்ரோல்கூட இல்லாத ஒரு குட்டி மின்சாரக் கார் விற்பனைக்கு வந்திருப்பது தெரிந்தது. அலுவலகத்து எஞ்சினியர்கள் சிரித்தார்கள். "வீட்ல மிக்ஸி இருக்கும்போது இது எதுக்கு சார் இன்னொண்ணு?" என்றார் ஒருவர். அவளோ ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும்.

ஷோரூம் நாவலூரில். நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் சக்கரம் உருண்டாக வேண்டும் என்று வீட்டில் ஏகமனதான தீர்மானம். துணைக்கு என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. செங்கல்பட்டில் பழைய கார் வாங்கி விற்கிறவன். கையில் ஒரு காந்தம் கொண்டுவந்திருந்தான், லட்டு அளவுக்கு.

"இத வச்சிப் பாத்தா ஒரு நிமிஷத்துல வண்டி ஜாதகத்தையே சொல்லிருவேன் மாமா. தகரம்னா ஒட்டும். அடிபட்டு பட்டி பூசியிருந்தா ஒட்டாது" என்றான்.

வண்டியைத் துடைத்து ஷோரூமுக்குள் கொண்டுவரும்போதே பத்து மணி தாண்டிவிட்டது. டை கட்டிய விற்பனையாளர் சாவியை நீட்டினார். நான் சாவியை வாங்கவில்லை. நாங்கள் யார்! மச்சான் காந்தத்தைக் கதவில் வைத்தான். விழுந்தது. முன்பக்கம் வைத்தான். விழுந்தது. கூரை, பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே, எங்கே வைத்தாலும் நழுவி அவன் காலிலேயே விழுந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"மாமா, மோசம் போயிட்டோம். மொத்த வண்டியும் பட்டிதான்."

நான் ஸ்டோர்ஸ் குரலுக்கு மாறினேன். "இந்த வண்டி எந்த லாரியில மோதிச்சு? உண்மையைச் சொல்லுங்க!" ஷோரூமே திரும்பிப் பார்த்தது.

விற்பனையாளர் பொறுமையாக, "சார், பாடி ஃபுல்லா பிளாஸ்டிக் சார்" என்றார்.

அதைக் கேட்டு ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். எனக்கு ரத்தக் கொதிப்பு இன்னும் ஏறியது. பிளாஸ்டிக்கா? வாளியைப் போலவா? மச்சான் இதற்குள் முன்மூடியைத் திறந்து, "இன்ஜினக் காணோம் மாமா!" என்று அடுத்த குண்டைப் போட்டான். அங்கே ஸ்டெப்னி டயர் மட்டும் சாவகாசமாகப் படுத்திருந்தது.

வலது கதவை நாலு தரம் அடித்துச் சாத்தினேன். ஒரு தரம் கொஞ்சம் இழுத்த மாதிரி இருந்தது. டேஷ்போர்டில் நகக்கீறல் போல ஒரு கோடு. போதாதா? "வேண்டாம். வேற வண்டி குடுங்க" என்றேன்.

"அடுத்த லாட் பொங்கல் தாண்டித்தான் சார் வரும்."

 மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே கருத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

பக்கத்துக் கோயில் குருக்கள் சந்தனம், குங்குமம் இட்டு, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். சாஸ்திரத்துக்கு மனைவிதான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். "ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் குருக்கள். அவள் சாவியைத் திருப்பினாள். எல்லோரும் காத்திருந்தோம். குருக்கள் கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். "ஸ்டார்ட் ஆவல, செல்ஃப் பூட்ச்சி" என்று மச்சான் வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தான். வண்டி சத்தமில்லாமல் நகர்ந்து எலுமிச்சம்பழங்களை நசுக்கி அவன் மூக்கை நோக்கி வந்தது. "ஐயோ யக்கா!" என்று அவன் குதித்த குதியில் குருக்களின் தட்டு பறந்தது. பத்தரைக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருந்தது. சகுனம் என்னவென்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை.

அங்கே அவளை இறக்கிவிட்டு நான் ஓட்டுநர் இருக்கையைப் பிடித்தேன். "புது வண்டி, முதல்ல நான் ஓட்டிச் செக் பண்றேன்" என்றேன். அவள் இடது பக்கம் மாறி உட்கார்ந்தாள். பின்சீட்டு குழந்தைகளுக்கானது, மச்சானை மடித்து வைத்தோம்.

கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் கேட்டது. டிக். கொஞ்ச தூரம் விட்டு, டிக் டிக். பெட்ரோல் வண்டியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் எல்லாம் அமுங்கிப்போயிருக்கும். இதுவோ கோயில் பிரகாரம் மாதிரி அமைதி. எனக்கு வியர்த்தது. ஓரம் கட்டினேன். குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

"பேட்டரி லூசா இருக்குமோ?" என்றேன்.

"மூளை லூசா இருக்கும்" என்றாள் மனைவி, ரோட்டைப் பார்த்தபடி.

இத்தோடு விட்டிருந்தால் நான் நானில்லை. கோவளத்தில் ஒரு மரத்தடியில் நிறுத்தி முழுப் பரிசோதனையைத் தொடங்கினேன். ஏ.சி. முழு வேகத்தில். ஹெட்லைட் எரியட்டும். வைப்பர் ஆடட்டும். ஹாரனை விட்டு விட்டு அடித்தேன். எது எரிகிறது, எது எரியவில்லை என்று வண்டியைச் சுற்றி வந்தேன். மச்சான் பின்னால் நின்று, "எரியுது மாமா... அணையுது மாமா..." என்று வர்ணனை கொடுத்தான். டீக்கடையில் இருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் வேலை செய்தது. எனக்கு எரிச்சல்தான் அதிகமானது. குறை எங்கேயோ ஒளிந்திருக்கிறது, என்னிடம் மாட்டமாட்டேன் என்கிறது!

அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரேக்கை சோதித்தேன். வேகமாகப் போய் அழுத்துவது, மறுபடி வேகமாகப் போவது. மச்சானின் தலை ஒவ்வொரு தரமும் என் சீட்டில் இடித்தது.

மாமல்லபுரம் எல்லையில் வண்டி சோர்ந்தது. எத்தனை மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். சார்ஜ் முள் சிவப்பில் படுத்திருந்தது. கல்பாக்கத்தில் வீடு வரைக்கும் வந்து மிச்சமும் இருந்திருக்க வேண்டிய மின்சாரத்தை, வண்டி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே நான் காலி செய்திருந்தேன்.

கல் செதுக்கும் பட்டறை ஒன்றின் முன்னால் உருண்டு நின்றோம். சிற்பி கிரைண்டரை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் கரண்ட் குடுப்பீங்களா? கார் நின்னுபோச்சு" என்றேன்.

"கரண்ட்டா? இன்னா அண்ணாத்த, நக்கலா?"

வண்டியோடு வந்த சார்ஜ் ஒயரை எடுத்துக் காட்டினேன். அவர் கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எங்களுடையதைச் சொருகினார். பாதி முகம் வெளிவந்த பிள்ளையார் ஒருவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. "காரு சாப்ட்டுகினு கீது, பிள்ளையார் பட்டினி கெடக்குறாரு" என்று போகிற வருகிற எல்லோரிடமும் அவர் சொன்னார். அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். ஒருவர் குக்கர் விசில் வருமா என்றும் கேட்டார்.

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடுறேன்" என்று மனைவியிடம் வெடித்தேன். "தகரமும் இல்ல, இன்ஜினும் இல்ல, டிக் டிக்னு சத்தம் வேற. கையெழுத்துப் போட்டு அனுப்பினவனுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டணும்!"

அவள் பட்டறை வாசலில் ஒரு கல்லின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "எல்லாத்தையும் செக் பண்ணீங்க. என் கால் இதுக்கு ஒத்துவருமான்னு பாத்தீங்களா?"

 எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அந்தச் சில அடிகள் தவிர அவளை நான் ஓட்டவே விடவில்லை.

முள் பாதிக்கு ஏறியதும் அவளே போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் தள்ளப் பார்த்தாள், நகரவில்லை. அடியில் கைவிட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தது காந்தம். மொத்தக் காரிலும் அது ஒட்டக்கூடிய ஒரே இடமான சீட்டுத் தண்டவாளத்தில் தொற்றிக்கொண்டு, வழி முழுக்க டிக் டிக் என்று என் உயிரை வாங்கியிருக்கிறது.

"ஷோரூம்ல சீட்டு மேல வச்சேன், மறந்தே பூட்டேன்" என்றான் மச்சான் மெதுவாக. அவள் அதை ஜன்னல் வழியாக அவன் கையில் போட்டாள்.

ஏ.சி. இல்லை, பாட்டு இல்லை. கிளம்பினாள். இடது காலைச் சும்மா நீட்டி வைத்திருந்தாள். வலது கால் மட்டும் வேலை செய்தது. பத்தடி, நூறடி, அப்புறம் நான் பார்ப்பதை விட்டுவிட்டேன். தன் முழங்கால் நினைவே அவளுக்கு இல்லை.

கொஞ்ச தூரத்தில் மழை பிடித்தது. அப்போதுதான் என் தொடையில் சில்லென்றது. இடது கதவின் மேல் ரப்பர் ஒரு இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நாள் முழுக்கத் தேடிய குறை! அசல், கலப்படமில்லாத, திருப்பி அனுப்பத் தகுந்த குறை! வாயைத் திறந்தேன்.

"என்ன சத்தமே காணோம்? ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?" என்றாள்.

"ஒண்ணுமில்லையே."

"மாமா, உன் பேண்ட்டு..." என்று பின்னாலிருந்து மச்சான் ஆரம்பித்தான். கையைப் பின்னால் விட்டு ஒரு கிள்ளு கிள்ளினேன். கைக்குட்டையை மடித்து இடுக்கில் அடைத்தேன்.

எதிரே பஸ் வந்தது. படியில் இரண்டு பேர் நனைந்தபடி தொங்கினார்கள். அவள் வேகத்தைக் குறைத்து, அது போகும்வரை பார்த்தாள். "படி எவ்வளவு உயரம் பாருங்க" என்றாள்.

கைக்குட்டை அதற்குள் ஊறிவிட்டது. ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டிப் பிழிந்தேன்.

"யாருக்கு டாட்டா காட்றீங்க?"

"பஸ்ஸுக்கு" என்றேன்.