பீரோ சொல்லாத மத்தியானம்

"டக்" என்று ஒரே ஒரு சத்தம்தான் வரும். திருத்தங்கல் வீட்டில் கூரையை முட்டிக்கொண்டு நின்ற எங்கள் மரப் பீரோவுக்கு மேல்மூலைப் பொருத்துகள் இரண்டும் விட்டுப்போயிருந்தன; எங்கோ தூரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடித்தால், காதுக்கு எட்டாத அதிர்வுக்குக்கூட அதன் சட்டங்கள் இடித்துக்கொள்ளும். உடனே அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள், ஏனென்றால் என் அக்கா எம். புதுப்பட்டிக் கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரும்பாலும் அது லாரியாகத்தான் இருக்கும். "ஒண்ணுமில்ல, லோடு வண்டி" என்று திரும்பி வருவாள், ஆனால் அக்கா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவள் முகம் சரியாகாது.

இரண்டாயிரத்துச் சொச்சம், எனக்குப் பத்து வயது. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே எனக்குக் காய்ச்சல் வந்தது. "இந்தச் சனியனைச் சரி பண்ணுங்கப்பா, இல்ல தூக்கி வெளிய போடுங்க" என்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். கேட்டது நான்தான், இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்சாபீசில் பைண்டிங் வேலை பார்த்த அப்பா, துணிமணிகளை இறக்கிவிட்டு, பொருத்துகளில் காய்ந்திருந்த பழைய பசையை உளியால் சுரண்டி, புதுப்பசை தடவி, பீரோவைச் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு கட்டையைச் செருகி முறுக்கினார். கயிறு மரத்தை அறுக்காதிருக்க, மூலைகளில் கழித்துப்போட்ட காலண்டர் அட்டைகளை மடித்து வைத்தார். கோணல் இல்லையே என்று குறுக்காக நூல் பிடித்துப் பார்த்தது நான், கடைசி முறுக்கு முறுக்கியது அக்கா. "போதும்த்தா, கயிறு அந்துரும்" என்று அப்பா சொல்லச் சொல்ல, "இன்னும் ஒண்ணேயொண்ணுப்பா, இந்தப் பயந்தாங்கொள்ளி நிம்மதியாத் தூங்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே முறுக்கினாள். மறுநாள் சாயங்காலம் கயிற்றை அவிழ்த்து எல்லோரும் உலுக்கிப் பார்த்தோம். பீரோ அசையவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதற்கோ சிரித்து எனக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டி, "ஆரோ நினைக்காக" என்றாள். சாப்பிட்டு முடித்து, வட்டில் கழுவி, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகுதான் அக்காவோடு வேலை பார்த்தவரின் தம்பி வாசலில் வந்து நின்றார். அக்கா கம்பெனியில் வெடித்தது ஒரு மணிக்காம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். ஆஸ்பத்திரியில் ரெண்டு மணி நேரம் உயிர் இருந்ததாம், "அம்மா வந்துட்டாளா, வந்துட்டாளா" என்று கேட்டபடியே கிடந்தாளாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது துணியால் மூடியிருந்தார்கள். அய்யோ, அந்த ரெண்டு மணி நேரத்தை நான்தானே பசை வைத்து ஒட்டினேன்!

அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பீரோவின் மேல்மூலையில் அடி அடியென்று அடித்தாள். பொருத்து விடவில்லை.

இன்று அந்த வீடு இல்லை, அப்பாவும் அம்மாவும் இல்லை. விருதுநகரில் என் வீட்டில் நிற்கிற பீரோவின் மூலையில் குழவி பட்ட பள்ளம் மட்டும் இருக்கிறது. லாரி போனால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, பீரோ வாய் திறப்பதில்லை. சாப்பிடும்போது என் மகளுக்குப் புரையேறினால் தலையில் தட்டுகிறேன். "ஆரும்மா என்னைய நினைக்காக?" என்று கேட்கிறாள். "ஒங்க பெரியம்மாதான்" என்று சொல்லிவிட்டு, என் தட்டைத் தள்ளி வைக்கிறேன்.