பொட்டு வைத்த ஒயர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மனைவியின் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் படுத்துவிட்டது. பேட்டரிக்குள் செல்களைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு கருகியிருந்தது. விஜயதசமி காலையில் அவள் மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் புது வேலையில் சேர வேண்டும். எங்கள் மூக்கண்டப்பள்ளியில் அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது. "ஒயரிங் செக் பண்ணியே சோறு திங்கறவன் நான், இதெல்லாம் ஒரு வேலையா?" என்று மார்தட்டிக்கொண்டு புது போர்டு வாங்கி வந்தேன்.

செல்களிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள் அத்தனையும் வெள்ளை. எந்தப் புண்ணியவானின் யோசனையோ! வரிசை மாறிச் சொருகினால் புது போர்டும் புகைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதிவிட்டு, மீதியை மறுநாள் பார்க்கலாம் என்று படுத்தேன்.

காலையில் பேட்டரியைக் காணோம். பூஜையில் வண்டி முழுசாக இருக்க வேண்டும் என்று மனைவி அதைக் கீழே கொண்டுபோய் ஸ்கூட்டரில் வைத்திருந்தாள். குடியிருப்பவர்களின் வண்டிகளுக்கெல்லாம் வீட்டுக்கார அம்மாதான் பொட்டு வைப்பார். சீட்டிலிருந்து சக்கரம் வரை சந்தனம் பூசியிருந்தார். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு பொட்டு. டேப் ஒன்றுகூட இல்லை.

"அழுக்குத் துண்டா ஒட்டிக்கினு இருந்துச்சு தம்பி. பிச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

மல்டிமீட்டர் இருந்தால் போதும். முதல் ஒயரில் வோல்ட் குறைவாக இருக்கும், அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போகும், வரிசை தெரிந்துவிடும். ஆனால் என் மீட்டர் பூஜைக்காக அவர் வீட்டுக் கூடத்தில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், மாலையோடு உட்கார்ந்திருந்தது.

"தேவுடா! இன்னிக்கு ஆயுதத்தத் தொடலாமா? நாளைக்கு மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்" என்றார் அம்மா.

"அதுக்குள்ள இவ வேலைக்குக் கெளம்பணும்மா!" கத்தியே விட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "மீட்டரத்தான எடுக்கக் கூடாது? பேட்டரிய மீட்டர்கிட்ட கொண்டாங்க."

காது குத்தப் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல பேட்டரியைத் தூக்கிப்போய், சுண்டலுக்கும் பொரிக்கும் நடுவில் வைத்தேன். அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டு மீட்டரின் குமிழைத் திருப்பினார். மீட்டரின் முனைகள் கிடந்தபடியே கிடக்க, ஒயர்களை ஒவ்வொன்றாக அவற்றிடம் கொண்டுபோய்த் தொட வைத்தேன். மாலைக்கு அடியில் தெரிந்த எண்ணை மனைவி தலை சாய்த்துப் படித்தாள். நடுவில் கற்பூரத் தட்டோடு வந்த அம்மாவை, "லித்தியம் பேட்டரிம்மா இது, தீ மட்டும் வேணாம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். வரிசைப்படி சொருகி முடித்தேன். ஸ்க்ரூ டிரைவரும் சாமியிடம் இருந்ததால் மூடியை டேப்பால் ஒட்டினேன்.

மறுநாள் விடிவதற்குள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. வழியில் புகைந்தால் என்ன செய்வாள் என்று நினைத்து நினைத்து, பல்கூடத் தேய்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அழைத்தாள். "வந்து சேந்துட்டேங்க. வண்டி ஜம்முனு ஓடுச்சு. ஆனா சீட்டுச் சந்தனம் பூரா என் கருப்பு பேண்ட்டுல. மொத நாளே மொத்த கம்பெனியும் என் பின்னாடியே பாக்குது."

நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.