தோணியின் அடியில் ஒரு செம்புத் தகடு

லூர்து அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று காலையில்தான் போன் வந்தது. தொண்ணூற்றொன்பது வயது.

எனக்குத் தொண்ணூற்றைந்து. நான் சொல்லச் சொல்ல பேத்தி டைப் செய்கிறாள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம்... தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் பாய்த்தோணி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் யுத்தத்தில் வயர்லெஸ் பார்த்தவர் என்பதால், முதலாளி வாங்கிப்போட்ட பழைய பேட்டரி ரேடியோ அவர் பொறுப்பு. புயல் அறிவிப்பு கேட்கத்தான் அது.

பாய்மரத்தின் உச்சிவரை ஏரியல் கட்டினார். தோணியின் அடியில் ஒரு செம்புத் தகட்டை அடித்து, அதிலிருந்து ரேடியோவுக்கு ஒயர் இழுத்தார்.

"இதாம்ல எர்த்து. தகடு கடல்தண்ணியத் தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் தெளிவாக் கேக்கும்."

உண்மைதான். நடுக்கடலில், செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

அந்த வருஷம் தோணியைக் கரையேற்றி அடிப்பக்கம் பூசினோம். புழு அரிக்காமல் இருக்க, எண்ணெயில் குழைத்த சுண்ணாம்பைக் கனமாக அப்ப வேண்டும். ஓர் இடம் விட்டுப்போனாலும் தோணியை ஓட்டும் தண்டல் திட்டுவார். அந்த வேகத்தில் தகட்டின் மேலும் அப்பிவிட்டேன்.

தோணி தண்ணீரில் இறங்கிய பிறகு அண்ணாச்சி கேட்டார். "தகட்ட விட்டுட்டுத்தானல பூசுன?"

"ஆமா அண்ணாச்சி."

மறுபடி கரையேற்ற ஊரே வந்து இழுக்க வேண்டும்... பயந்துவிட்டேன்.

அந்தப் பயணத்தில் ரேடியோவில் வெறும் இரைச்சல். மத்தியானம் முழுக்க அவர் பேட்டரியை மாற்றினார், ஏரியலை இறக்கி ஏற்றினார், வால்வைக் கழற்றித் துடைத்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் புயல். பாய்மரம் முறிந்து விழுந்ததில் இரண்டு பேர் கடலோடு போனார்கள். ஒருவர் தண்டல். இன்னொருவன் அண்ணாச்சியின் தம்பி அந்தோணி... உடல்கூடக் கிடைக்கவில்லை.

மிஞ்சிய தோணியை இழுத்து வந்து கரையில் சாய்த்தார்கள். அண்ணாச்சி குனிந்து கத்தியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். செம்பு தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அறிவிப்பை முந்தின நாளே ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். முதலாளி வந்து கத்தினார்.

"வால்வு போயிட்டு மொதலாளி. நாந்தான் கவனிக்கல" என்றார் அண்ணாச்சி.

அதற்கப்புறம் அவரை யாரும் தோணியில் ஏற்றவில்லை. தம்பியைக் கொன்றவன் என்று ஊரே பேசியது. சாகும்வரை அண்ணாச்சி என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

பேத்தி டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். ஏளா, நிப்பாட்டாத... டைப் அடி.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அந்தோணியைப் பார்த்தால், பூசியது நான் என்று சொல்லிவிடுங்கள்.