சாக்குக் கழிவு

புஷ்பத்தின் போன் மணி அடித்தால் எஹலியகொட டவுன் வரை கேட்கும் என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளே சொல்லும். அப்படிக் கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டுக்காரி நான்தான். உண்மையில் அது அடித்து ஏழு வாரமாகிறது.

மகள் ஷாமிளா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. "நீங்க எனக்குக் கோல் எடுக்காதீங்கம்மா, மேடம் ஏசுவாங்க. நானே எடுக்கிறேன்" என்று சொல்லிப் போனவள். பீலிக்குக் குளிக்கப் போனாலும் புஷ்பம் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துப் போவாள். ஒருநாள் தண்ணீருக்குள் மணி கேட்டதாம். நானும் கேட்டதாகச் சொல்லிவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். மண் வெடிக்கிற வெயிலிலும் ஈரம் கழியும்! அதனால் யார் எதை அளக்க வந்தாலும் புஷ்பம் இரண்டு கூட்டிச் சொல்வாள். அவர்கள் கழித்தால் உண்மை மிஞ்சுமே. கிளினிக்கில் வயது அறுபது என்பாள், ஐம்பத்தெட்டுதான்.

மாசக் கடைசி நாள் மாவனல்லையிலிருந்து றிப்தா என்ற பெண் டேப்லெட்டோடு லயத்துக்கு வந்தாள். உலகமயமாதல் எந்த நாட்டை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்று அளக்கிறார்களாம்.

"வீட்டுல வெளிநாட்டுச் சாமான் என்னென்ன இருக்கு அம்மா?"

"சீனா போன், இந்தியா சேலை, மக அனுப்புன கம்பளி. இந்த வெக்கைக்குக் கம்பளி! ஆடே கழட்டிப் போட்டுரும் மிஸ்."

"நீங்க வெளிநாடு போயிருக்கீங்களா?"

"நான் எடுத்த கொழுந்து போகாத நாடில்ல. நான் அவிசாவளையத் தாண்டல."

றிப்தா சிரித்தாள். "இந்த மாசம் வெளிநாட்டு கோல் எத்தனை? வந்தது, நீங்க எடுத்தது எல்லாம் சேர்த்து."

"ரெண்டு" என்றாள் புஷ்பம்.

றிப்தா பதிந்துகொண்டு, "சரி அம்மா, நான் வாறேன்" என்று கிளம்பிவிட்டாள். புஷ்பம் ரோட்டு முடக்கு வரை பின்னாலேயே ஓடினாள்.

"மிஸ், கழிச்சீங்களா?"

"எதை?"

"ரெண்டு. சாக்குக் கழிவு மாதிரி."

விஷயம் விளங்கியதும் றிப்தாவின் முகம் மாறியது. "இதுல கழிவே இல்ல அம்மா. சொன்னது அப்படியே போகும். சரியா எத்தனைன்னு சொல்லுங்க, மாத்துறேன்."

றிப்தாவின் விரல் திரைமேல் நின்றது. அவர்களாகவே கழித்திருந்தால், அந்தப் பூச்சியத்தை இவள் வாயால் சொல்ல வேண்டி வந்திருக்காது.

"மாசம் முடிய இன்னும் பொழுது இருக்குல்ல மிஸ்? ரெண்டே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். பக்கத்துக் காம்பரா எனக்கு. நடுச் சுவர் ஒரு தும்மலுக்குத் தாங்காது. முதல் தடவையாக அவளே குவைத்துக்குக் கோல் எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி எடுத்தாள். அதுவும் நின்றது.

"ரெண்டு" என்று சொன்னது கேட்டது.

மூன்றாவது தடவை அவள் எடுக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை விடக் கூடிவிடுமே.